குறட்டையும் பக்கத்தில் படுத்தவரும்

பூவிருந்தவல்லியைச் சுற்றி வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று கிட்டக் கிட்ட மூன்று சாவடிகள் இருக்கின்றன. மூன்றாவதில் நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். சாவடி என்பது வழிப்போக்கர்கள் இளைப்பாறி, இருட்டிவிட்டால் அங்கேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளும் இடம். இப்போது எங்கள் ஊரில் வழிப்போக்கருக்கு மெட்ரோ தூண்கள்தான் நிழல். அந்தக் காலத்துச் சாவடியில் வண்டிக்காரரும் வியாபாரியும் யாத்திரை போகிறவரும் வரிசையாகப் படுத்திருக்கும் ஓர் இரவைக் கற்பனை செய்து பாருங்கள். அதில் நாலு பேராவது குறட்டை விட்டிருப்பார்கள். அதற்காக யாரும் யாரோடும் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்கள். விடிந்தால் அவரவர் வழி அவரவருக்கு. குறட்டை ஒரு வழக்காக மாற வேண்டுமென்றால் மறுநாளும் அதே ஆள் அதே பக்கத்தில் படுக்க வேண்டும். அதாவது கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

குறட்டையின் சரித்திரத்தை ஒரு பதிவாக எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெரிந்தது. கதைகளும் நகைச்சுவைத் துணுக்குகளும் வைத்தியப் புத்தகங்களும் குறட்டை விடுகிறவரைப் பற்றியே பேசுகின்றன. பக்கத்தில் விழித்துக் கிடக்கிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் அந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தவன். ஆகவே இந்தச் சரித்திரம் அந்தப் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது.

நம் ஊரில் தூக்கம் என்றாலே கும்பகர்ணன். ஆண்டாள்கூடத் திருப்பாவையின் பத்தாவது பாசுரத்தில், எழுந்திருக்காத தோழியைப் பார்த்து, கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுப்போய்த் தன் தூக்கத்தை உனக்கே கொடுத்துவிட்டானோ என்று கேலி செய்கிறாள். வால்மீகியின் யுத்த காண்டத்தில் அவனை எழுப்பப் போன அரக்கர்கள், அவன் மூச்சுக் காற்றின் வேகத்தில் நிற்க முடியாமல் தடுமாறுகிறார்கள். பேரிகை கொட்டி, சங்கு ஊதி, கடைசியில் யானைகளை உடம்பின் மேல் ஓட்ட வேண்டியிருந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். உத்தர காண்டத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தூக்கம் வந்துவிட்டது, எனக்கு ஒரு வீடு கட்டிக் கொடு என்று தம்பி கேட்க, ராவணன் ஒரு யோசனை அகலமும் இரண்டு யோசனை நீளமுமாக அவனுக்குத் தனி மாளிகை கட்டிக் கொடுக்கிறான். தூங்குவதற்கென்றே கட்டிய தனி அறைக்கு நம் இலக்கியத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. கும்பகர்ணனுக்கு ஒரு மனைவியும் உண்டு. வஜ்ரஜ்வாலை என்று பெயர், விரோசனன் வம்சத்துப் பெண். கல்யாணத்தைச் சொல்லும் இடத்தில் பெயர் வருகிறது. அந்த மூச்சுக் காற்றுக்குப் பக்கத்தில் அவள் எப்படித் தூங்கினாள் என்று எந்தப் பௌராணிகரும் எனக்குச் சொன்னதில்லை.

கிரேக்கர்களிடமும் ஒரு கும்பகர்ணன் இருந்தான். கருங்கடல் கரையில் ஹெராக்ளியா என்ற நகரத்தை ஆண்ட தியோனிசியஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டுக்காரன். உடம்பு பெருத்துப் பெருத்து, மூச்சு முட்டும் அளவுக்குப் போய்விட்டான். ஆழ்ந்து தூங்கிவிட்டால் நீளமான மெல்லிய ஊசிகளைச் சதைக்குள் செலுத்தி எழுப்புமாறு வைத்தியர்கள் ஏற்பாடு செய்திருந்தார்களாம். அத்தனை சதையைக் கடந்து ஊசி உணர்ச்சியுள்ள இடத்தைத் தொட்டால்தான் விழிப்பு வரும். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இரவு முழுவதும் கையில் ஊசியோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்குகிறவன் செத்துவிடக் கூடாதே என்று காவல் காப்பது அவ்வளவு பழைய உத்தியோகம்.

நம் பழைய வீடுகள் இந்தப் பிரச்சினையை வைத்தியம் இல்லாமலே சமாளித்தன. நான் பிறந்தது புதுச்சேரியில், தமிழர் தெருவில். எங்கள் வீட்டில் திண்ணை, நடை, முற்றம், கூடம், தோட்டம் என்று வரிசையாகப் போகும். ஆண்கள் திண்ணையிலும் மொட்டை மாடியிலும், பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில். புருஷன் பெண்டாட்டி என்று கதவைச் சாத்திக்கொண்டு வருஷம் பூராவும் ஓர் அறையில் படுப்பது புதுமணத் தம்பதிக்கு மட்டும்தான். பேரன் பேத்தி பிறந்துவிட்டால் பெரியவர்கள் தனித்தனியே படுப்பது மரியாதை என்றே கருதப்பட்டது. என் மாமா ஒருவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தோசீனாவில் இருந்து திரும்பிப் பென்ஷனோடு வீட்டில் இருந்தார். அவர் திண்ணையில் விட்ட குறட்டை தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ராக்காவல்காரன் தேவையில்லை, திருடன் சொல்தா முழித்திருப்பதாகவே நினைப்பான் என்று எதிர்வீட்டுப் பாட்டி சொல்வாள். அத்தையோ நாலு கட்டு தாண்டி உள்ளே நிம்மதியாகத் தூங்குவாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அத்தை அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த 1954 நவம்பரில் எனக்கு மூன்று வயது. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுதான் தொடர்ந்தது. (அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மத்திய அரசில் ஆங்கிலக் கோப்புகளோடு முப்பத்தைந்து வருஷம் மல்லுக்கட்டியது வேறு கதை.) குறட்டைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சொல் ரோன்ஃப்ளே. கோயில் மணி அடிக்கிறவனைப் போலக் குறட்டை விடுகிறான் என்பது அவர்கள் வழக்கு. தம்பதிகள் தனித்தனி அறையில் படுப்பதற்கு ஷாம்ப்ர் ஆ பார் என்று பெயர். அதை வெளியில் சொன்னால் அந்த வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். பல்சாக் 1829-இல் எழுதிய 'கல்யாணத்தின் உடலியல்' என்ற புத்தகத்தில் படுக்கைக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கி, இரட்டைக் கட்டிலா, தனி அறைகளா, ஒரே கட்டிலா என்று மூன்று கட்சிகளாகப் பிரித்து வாதாடுகிறார். எங்கள் திண்ணைத் தமிழருக்கு இப்படி ஒரு விசாரம் தேவைப்படவில்லை. அறையே இல்லாதபோது தனி அறை எது?

விசாரம் எங்களுக்குப் பின்னால் வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நம்பி வந்தவர்கள், அரை கிரவுண்டு முக்கால் கிரவுண்டு மனை வாங்கி, ஹால், கிச்சன், ஒரு பெட்ரூம் என்று வீடு கட்டினோம். திண்ணை போயிற்று. கொசுவுக்குப் பயந்து ஜன்னல் மூடிற்று. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஏறிற்று. பத்துக்குப் பத்து அறையில் ஒரு கட்டிலைப் போட்டு இரண்டு பேர் படுக்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் பழைய சீலிங் ஃபேன் கடகடவென்று ஓடிப் பாதிக் குறட்டையை விழுங்கியது. பிறகு ஏசி வந்தது. அறை நிசப்தமாயிற்று. நிசப்தத்தில் குறட்டை இரட்டிப்பாகக் கேட்கும் என்பதை ஏசி விற்கிறவர் யாரும் சொல்வதில்லை. படுக்கையறையில் இரவில் 30 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. ஸ்வீடனில் கோரெ வால்கெர்ட் என்பவர் 1993-இல் ஒரு மருத்துவமனையில் வைத்து அளந்தபோது 93 டெசிபல் குறட்டை விட்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்.

இனி வைத்தியத்தின் கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியைக் குறுக்குகிறது. குறுகிய வழியில் காற்று போகும்போது மேலண்ணத்தின் மெல்லிய பகுதியும் உள்நாக்கும் படபடவென்று அதிர்கின்றன. அதுதான் குறட்டை. தேரையர் தம் பிணியணுகா விதியில் இடது கை கீழாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார். அவர் எதற்காகச் சொன்னாரோ, குறட்டைக்கும் அது பாதி மருந்து. முழங்கையால் இடித்து "திரும்பிப் படுங்க" என்று சொல்லும் நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தேரையர் பரம்பரைதான். வெள்ளைக்காரர்கள் பனியனின் முதுகில் டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தார்கள். மல்லாந்தால் உறுத்தும்.

சில பேருக்கு அந்த வழி குறுகுவதோடு நிற்காமல் அடைத்தே போகிறது. அப்போது சத்தம் நின்றுவிடும். மார்பு மட்டும் மேலும் கீழும் இழுக்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பதறிப்போய் அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கும். ஒரு பெரிய கொர்ர்ர் சத்தத்தோடு மூச்சு திரும்பும். தூங்குகிறவருக்கு இது ஒன்றும் தெரியாது. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். பகலில் நாற்காலியில் சாய்ந்தால் தூங்கிவிடுவார்.

லண்டனில் வில்லியம் பிராட்பென்ட் என்ற வைத்தியர் 1877-இலேயே இதைக் கவனித்து லான்செட் பத்திரிகையில் எழுதிவிட்டார். வயதானவர் மல்லாந்து படுத்துப் பலமாகக் குறட்டை விடும்போது நடுவில் சில மூச்சுகளுக்குச் சத்தமே இல்லாமல் போவதையும், மார்பு வீணாக முயல்வதையும், பிறகு பெரும் உறுமலோடு காற்று உள்ளே புகுவதையும் அவர் அப்படியே வர்ணித்திருக்கிறார். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தாலொழிய இப்படி எழுத முடியாது. ஆனால் அந்தக் கட்டுரை மூளையில் ரத்தக்கசிவு பற்றியது. குறட்டைச் சங்கதி அதில் ஒரு கிளைக்கதை. கிளைக்கதையை யாரும் தொடரவில்லை, எண்பது வருஷம்.

அதற்கும் நாற்பது வருஷம் முன்பு டிக்கன்ஸ் தன் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் (1836-37) ஜோ என்ற குண்டுப் பையனைப் படைத்திருந்தார். நின்றால் தூக்கம், கதவைத் தட்டும்போதே தூக்கம், மேஜைக்குப் பின்னால் குறட்டை. 1956-இல் அமெரிக்காவில் பர்வெல் என்பவரும் அவருடைய சகாக்களும், உடல் பருத்து எப்போதும் தூங்கி வழிந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதும்போது அந்தப் பையனை நினைத்து 'பிக்விக் நோய்' என்று பெயர் வைத்தார்கள். அந்த நோயாளி மருத்துவமனைக்கு வந்த காரணம் சுவாரஸ்யமானது. சீட்டாட்டத்தில் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. ஜெயிக்கிற சீட்டு. அதை வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். இனிமேல் வைத்தியரைப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று அதன் பிறகே முடிவு செய்தாராம்! அந்த வைத்தியர்கள் பருமனையும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயுவையும் குற்றவாளியாக நிறுத்தினார்கள். இரவில் தொண்டை அடைபடுவதுதான் மூலம் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. பகலில் நோயாளியைப் பார்த்தால் எப்படிப் பிடிபடும்?

பிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள். மார்செய் நகரத்தில் ஆன்றி கஸ்தோ என்ற வலிப்பு நோய் நிபுணர் இருந்தார். (ஆங்கிலம் படித்தவர்கள் எழுத்தைப் பார்த்து காஸ்டாட் என்கிறார்கள், அது தப்பு.) அவரும் தசினாரி, துய்ரோன் என்ற இரு சகாக்களும் பிக்விக் நோயாளிகளை இரவில் தூங்க வைத்து, மூளை அலையையும் மூச்சையும் ஒரே தாளில் பதிவு செய்தார்கள். 1965-இல் வெளியிட்டார்கள். மூச்சு நிற்கிறது, மூளை விழிக்கிறது, மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம், மறுபடி நிற்கிறது. ராத்திரி பூராவும் இதே கதை. அதே வருஷம் ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும் தனியாக இதையே கண்டார்கள். கிறிஸ்தியான் கில்மினோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1972-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், பருமன் இல்லாதவருக்கும் இது வரும் என்று காட்டி, 1976-இல் இன்றைக்கு வழங்கும் பெயரை நிலைநிறுத்தினார். தமிழில் தூக்கத்தில் மூச்சுத் தடை என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஸ்லீப் ஆப்னியா என்றுதான் சொல்கிறார்கள்.

கண்டுபிடித்தார்களே தவிர, வைத்தியம் பயங்கரமாக இருந்தது. அடைபடும் இடத்துக்குக் கீழே கழுத்தில் துளை போட்டுவிடுவது. 1969-இல் கூலோ இதைச் செய்து காட்டினார். பகலில் துளையை மூடிக்கொண்டு பேசலாம், இரவில் திறந்துகொண்டு தூங்கலாம். நோயாளி பிழைத்தார், குறட்டையும் நின்றது. ஆனால் கழுத்தில் துளையோடு வாழ எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

சிட்னியில் காலின் சலிவன் என்ற வைத்தியரிடம் 1980 ஜூனில் அப்படி ஒருவர் வந்தார். துளை போடச் சொன்னார்கள், அவருக்கு இஷ்டமில்லை. சலிவன் ஏற்கெனவே நாய்களின் மூக்கில் முகமூடி பொருத்தி மூச்சை ஆராய்ந்தவர். காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாகச் செலுத்திக்கொண்டே இருந்தால், பலூனுக்குள் காற்று இருப்பது போலத் தொண்டை விரிந்தே இருக்கும் அல்லவா? தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை எடுத்தார், காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி வைத்தார், குழாயை நோயாளியின் மூக்கில் பசை போட்டு ஒட்டினார். அன்று இரவு அந்த மனிதர் வெகு காலத்துக்குப் பிறகு மூச்சு அடைபடாமல் தூங்கினார். ஐந்து பேருக்கு இப்படிச் செய்து பார்த்து 1981 ஏப்ரலில் லான்செட்டில் வெளியிட்டார்கள். இன்று சீபேப் என்று கடையில் விற்கும் இயந்திரத்தின் பாட்டன் அதுதான்.

இத்தனை பேர் இத்தனை கண்டுபிடித்தும், ஒரு பாதி ஜனத்தொகையை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. பெண்கள் குறட்டை விடுவார்கள் என்பதே பலருக்கு வேடிக்கையாகத் தோன்றியது. இத்தாலிய வைத்தியர் லுகாரேசி, சான் மரீனோ என்ற குட்டி நாட்டில் சுமார் 5,700 பேரை வீடு வீடாக விசாரித்து 1980-இல் எழுதினார். குறட்டை விடுகிறவர்களிடம் ரத்த அழுத்தம் அதிகம் என்று அதில் தெரிந்தது. பெண்களிலும் ஏராளமானவர்கள் குறட்டை விடுகிறார்கள், வயது ஏற ஏற இரு சாராருக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது என்பதும் தெரிந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டெர்ரி யங் என்ற அம்மையார் அரசு ஊழியர்களையே பிடித்தார். முப்பதிலிருந்து அறுபது வயது வரை 602 பேர். நம்மைப் போன்ற கோப்பு தள்ளும் ஜனங்கள்! ஒரு இரவு படுக்க வைத்து அளந்ததில், ஆண்களில் 24 சதவீதத்துக்கும் பெண்களில் 9 சதவீதத்துக்கும் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. 1993-இல் வெளிவந்த கணக்கு. அதுவரை மருத்துவமனைகளில் பெண் நோயாளிகள் அபூர்வம். வியாதி இல்லாததால் அல்ல, சொல்ல வெட்கப்பட்டதால், கேட்க ஆள் இல்லாததால்.

நம் நாட்டில் டாக்டர் ஜரீர் உத்வாடியாவும் அவர் சகாக்களும் மும்பையில் செய்த ஆய்வு 2004-இல் வந்தது. 35 முதல் 65 வயதுக்குள், ஆரோக்கியமானவர்கள் என்று நினைத்துக்கொண்டு வழக்கமான பரிசோதனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு ஏழரைப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிலும் ஆண்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நம்மவர்களுக்கு இன்னொரு விசேஷம், பெரிய பருமன் இல்லாமலே வரும். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் காலமானபோது, மருத்துவமனை சொன்ன காரணங்களில் இந்தத் தூக்க மூச்சுத் தடையும் இருந்தது. அன்றுதான் பல வீடுகளில் முதன்முதலாக இந்தப் பெயர் அடிபட்டது.

எங்கள் வீட்டில் அடிபட்டது அதற்கு எட்டு வருஷம் முன்பே. குறட்டை விட்டவள் என் மனைவி.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "நான் தூங்கிக்கிட்டிருந்தேன், எனக்கென்ன தெரியும், நீங்க பார்த்ததை எழுதுங்க" என்றாள். நாற்பத்தெட்டு வயதுக்கு மேல்தான் அவளுக்குக் குறட்டை ஆரம்பித்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடும் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போனால் சத்திரத்தில் எல்லோரும் தூங்கிய பிறகே படுப்பாள். மருமகள் வந்த பிறகு கதவைச் சாத்திக்கொள்வாள். ஆண் விட்டால் ஜோக், பெண் விட்டால் மானக்கேடு. நம் பத்திரிகைகளில் குறட்டை ஜோக்குகளை எத்தனையோ வருஷமாகப் படித்துவருகிறேன், பெண் குறட்டை விட்டு ஆண் விழித்திருப்பதாக ஒன்றுகூட என் ஞாபகத்தில் இல்லை.

சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது நடுவில் வந்த மௌனம். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்துவிடும். சுவர்க் கடிகாரத்தின் முள் சத்தம் கேட்கும். பத்து, பதினைந்து, இருபது. குறட்டை எப்போது நிற்கும் என்று ஏங்கியவன், எப்போது திரும்ப வரும் என்று எண்ணத் தொடங்கினேன். ஒரு நாள் முப்பத்தெட்டு வரை எண்ணினேன். அதுவரை போனால் எண்ணுகிறவனுக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. உத்தியோகப் பழக்கம் விடுமா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, எத்தனை விநாடி என்று கோடு போட்டு எழுதினேன். பகலில் அவள் காய் நறுக்கும்போதே தலை சாயும். மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. இரண்டு வைத்தியர்கள் வயசாகிறது என்றார்கள்.

மூன்றாவதாகப் பார்த்த பெண் டாக்டர், அவளிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ராத்திரி மூச்சு நிக்கறதைப் பக்கத்துல இருக்கிறவங்க யாராவது பார்த்திருக்காங்களா?" நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் ஐந்து நிமிஷம் அதைப் புரட்டினார். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் என் குறிப்பை ஒரு மேலதிகாரியும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அது அவர் சொந்தமாகக் கேட்ட கேள்வி இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கனடாவின் டொரொண்டோவில் பிரான்செஸ் சங் என்ற மயக்க மருந்து நிபுணர், அறுவை சிகிச்சைக்கு முன் இந்த நோயாளிகளைக் கண்டுபிடிக்க 2008-இல் நாலு கேள்விகளை வகுத்தார். சத்தமாகக் குறட்டை உண்டா, பகலில் சோர்வு உண்டா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா, ரத்த அழுத்தம் உண்டா. இன்று உலகம் முழுக்க இவற்றோடு இன்னும் நாலு சேர்த்துக் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு நோயாளியால் தானாகப் பதில் சொல்லவே முடியாது. தனியாகப் படுக்கிறவர்களுக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். எங்கள் அத்தையை நினைத்துக்கொண்டேன். நாலு கட்டு தாண்டித் தூங்கிய அத்தைக்கு மாமாவின் மூச்சு நின்றதா என்று எப்படித் தெரிந்திருக்கும்? மாமா ஒரு விடியற்காலையில் திண்ணையிலேயே போய்விட்டார். தூக்கத்திலேயே போன புண்ணியவான் என்றார்கள். எதனால் என்று அன்று யாரும் கேட்கவில்லை, இன்று சொல்லவும் முடியாது.

மனைவிக்கு ஒரு இரவு பரிசோதனை நடந்தது. தலையிலும் மார்பிலும் ஒயர், விரலில் ஒரு கிளிப். மணிக்கு ஐந்து தடவைக்குக் கீழே மூச்சு தடைபட்டால் கவலையில்லை, முப்பதுக்கு மேல் போனால் கடுமை. அவளுக்கு நாற்பத்திரண்டு. இயந்திரம் வாங்கினோம். வாங்கிய விலைக்கு அப்போது ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். முதல் வாரம், யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறது, பேரன் பார்த்தால் பயப்படுவான் என்று கழற்றிக் கழற்றி வைத்தாள். பேரன் பயப்படவில்லை, பாட்டி விண்வெளிக்குப் போகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தான். இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை ஆறரைக்கு எழுந்து, "என்னங்க, மணி பார்த்தீங்களா, நடுவுல ஒரு தடவைகூட முழிக்கலை" என்றாள். ரத்த அழுத்த மாத்திரை அடுத்த மூன்று மாதத்தில் ஒன்று குறைந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று அந்த டாக்டர் கேட்கவில்லை, ஆனால் அதையும் ஒருவர் அளந்திருக்கிறார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் குறட்டைக்காரர்களோடு அவர்களுடைய துணைகளையும் படுக்க வைத்து ஒயர் மாட்டினார்கள். பத்து ஜோடிகள். ஒரே இரவில், பாதிநேரம் இயந்திரம் இல்லாமல், பிறகு இயந்திரத்தோடு. அந்தக் கணக்கை ஓர் இரவுக்கு வகுத்துப் பார்த்தால் துணைக்கு 62 நிமிஷத் தூக்கம் கூடுதல். 1999-இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம்! வஜ்ரஜ்வாலைக்கு யாராவது கணக்குப் பார்த்திருந்தால் எத்தனை யுகம் பாக்கி வந்திருக்குமோ.

எல்லாக் குறட்டைக்கும் இயந்திரம் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் நிற்காமல் சீராக ஓடும் குறட்டை பெரும்பாலும் சத்தம் மட்டும்தான். ஒருக்களித்துப் படுப்பது, எடை குறைப்பது, ராத்திரியில் குடிக்கிறவர்கள் அதை விடுவது, மூக்கடைப்புக்கு வைத்தியம், இவற்றிலேயே பாதி அடங்கும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற நீளமான ஊதுகுழலை நாலு மாதம் ஊதிப் பழகியவர்களுக்குத் தொண்டை உறுதிப்பட்டுக் குறட்டை குறைந்தது என்று 2006-இல் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 2017-இல் அதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது, அதுவும் சமாதானப் பிரிவில். நம் ஊர் நாதஸ்வரக்காரர்கள் குறட்டை விடுவார்களா என்று யாராவது ஆராயலாம்.

இயந்திரத்துக்கு ஒரே ஒரு எதிரி மின்வெட்டு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது ஆவடி ரோடு பூராவும் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. இன்வெர்ட்டர் முதல் நாள் நடு ராத்திரியோடு கண்ணை மூடிவிட்டது. ஹாலில் சாய்வு நாற்காலியைப் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து அவளைச் சாய்ந்தபடியே தூங்க வைத்தேன். உட்கார்ந்து தூங்கினால் நாக்கு அவ்வளவாகச் சரியாது. நான் பக்கத்தில் ஈசிசேரில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், பழைய நோட்டுப் புத்தகத்தோடு. தெருவில் ஒரு சத்தமில்லை, ஃபேன் இல்லை, ஏசி இல்லை, குறட்டை மட்டும். அது நின்றபோதெல்லாம் எண்ணினேன். பன்னிரண்டுக்கு மேல் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது.